ஏறியதா, இறங்கியதா

கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து பவர் பார்ப்பவர்கள் நாள் முழுக்க ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “இது தெளிவா, அது தெளிவா?” வில்லையைப் போட்டு ஒரு தடவை, எடுத்துவிட்டு ஒரு தடவை. வந்திருப்பவர் “ரெண்டும் ஒண்ணுதாங்க” என்று சலித்துக்கொண்டதும் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவார்கள். எங்கள் லென்ஸ் அக்கா விடமாட்டார். “ஒண்ணா இருக்க முடியாது, நிதானமா பாத்துச் சொல்லுங்க” என்பார். அவரிடம் பவர் பார்த்துக்கொண்டு வெளியே வருபவர்கள் பரீட்சை எழுதிவிட்டு வருவதுபோல வருவார்கள். ஆனால் அந்தக் கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் குறைவு.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. பிரேம்களைத் துடைத்து அடுக்கி வைக்கும் வேலைக்கு அந்தக் கடையில் சேர்ந்தவர், இடையில் படித்துத் தேறிப் பின்னறை நாற்காலிக்குப் போனார். கிடார் கைக்கு வந்ததும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். உண்மையில் அது தம்பிக்கு வாங்கியது. தம்பி விரல் நுனி வலிக்கும்வரை வாசித்தான், பிறகு அலமாரி மேல் ஏற்றிவிட்டான். அக்கா தூசி தட்டுவதற்காகக் கீழே இறக்கினார், திரும்ப ஏற்றவே இல்லை. எந்த விரலை எங்கே வைக்க வேண்டும் என்று புள்ளி போட்டுக் காட்டும் ஒரு சிறு புத்தகம் கிடாரோடு வந்திருந்தது. முதல் பக்கத்தில் உள்ளது சுத்தமாக வரும்வரை இரண்டாம் பக்கத்தைத் திருப்பக் கூடாது என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டார். “அதனாலதான் முதல் பக்கம் எனக்குத் தூக்கத்துலயும் வரும். கடைசிப் பக்கத்துல என்ன இருக்குன்னு இன்னைக்கும் தெரியாது” என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் குழுவில் ஐந்து பேர். கீபோர்டு வாசிக்கும் மாஸ்டர் மருந்துக் கடை வைத்திருக்கிறார். குழுவை நடத்துவதும் அவர்தான். பாடுகிறவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார், மைக் இல்லாமலேயே பாடக்கூடிய குரல். டிரம் வாசிப்பது அக்காவின் நாத்தனார். அவர் பிசியோதெரபி நிலையம் நடத்துகிறார். விடுமுறை நாளான ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கேதான் எங்கள் ஒத்திகை, பெரிய ரப்பர்ப் பந்துகளுக்கும் நடை பழகும் கம்பிகளுக்கும் நடுவில். நான் பேஸ் கிடார். கல்யாண வரவேற்பு, அலுவலக ஆண்டு விழா, பள்ளி விழா என்று கூப்பிட்ட இடத்துக்குப் போவோம். அக்காவின் கணவர் வாசிப்பதில்லை, சுமப்பார். பேக்கரியில் அடுப்பு பார்ப்பவர் என்பதால் அவருடைய வேலை மதியத்தோடு முடிந்துவிடும். மாவு மூட்டை தூக்கிப் பழகிய தோளில் எங்கள் ஸ்பீக்கர்கள் ஏறி இறங்கும்.

விவகாரம் ஆரம்பித்தது ஒரு வீடியோவில். ஓர் அலுவலக விழாவில் யாரோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். ஒத்திகைக்கு வந்த இடத்தில் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். டிரம் கேட்டது, கீபோர்டு கேட்டது, பாட்டு பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்டிருக்கும். அக்கா திரையில் கண்ணை மூடி, உதட்டைக் கடித்து, விரலெல்லாம் பறக்க வாசித்துக்கொண்டிருந்தார். சத்தம் மட்டும் இல்லை.

“அண்ணி, ஊமைப் படத்துல நடிச்ச மாதிரி இருக்கீங்க,” என்றார் நாத்தனார்.

“உன் பித்தளைத் தட்டைக் கொஞ்சம் தொடாம இருந்தா நானும் பேசும் படத்துல வந்திருப்பேன்.”

மாஸ்டர் சிரிக்கவில்லை. அவர் ஒரு புதுப் பாட்டைக் குழுவுக்காக அமைத்திருந்தார். நடுவில் குரல் நின்றதும் கிடார் தனியாகப் புறப்பட்டு, மேலே ஏறி, இறங்கி, மறுபடி ஏறிக் குரலிடம் பாட்டை ஒப்படைக்கும். பின்னணியாகச் சில சுரங்களைச் சேர்த்து மீட்டும் கார்டு மட்டுமே வாசித்து வந்த அக்கா, தனக்கு வேண்டும் என்று வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த இடம் அது. மருத்துவமனை ஊழியர்களின் ஆண்டு விழாவில் முதல் தடவையாக அதை மேடையேற்றுவதாக இருந்தோம்.

“கோவிச்சுக்காதீங்கம்மா,” என்றார் மாஸ்டர். “இந்தத் தடவையும் கேக்கலைன்னா அந்த இடத்தை நான் எடுத்துக்கறேன். கீபோர்டுலயே கிடார் சத்தம் இருக்கு. ஒரு பட்டனைத் தட்டினா போதும்.”

“பட்டனைத் தட்டினா வருமா?”

“கிட்டத்தட்ட வரும்.”

வீட்டுக்குப் போகும் வழியில் அக்கா கணவரிடம் மட்டும் சொன்னாராம், “கிட்டத்தட்டவாம்.”

அதுவரை அவரிடம் இருந்தது வீட்டில் பழகுவதற்கான சின்ன ஆம்ப். கிடார் ஆம்ப் என்பது பெருக்கியும் ஒலிபெருக்கியும் ஒன்றாக இருக்கும் பெட்டி. அதற்கும் கிடாருக்கும் நடுவே காலால் மிதித்துப் போட்டு அணைக்கும் சிறு பெட்டிகளை வைப்பார்கள், அவைதான் பெடல்கள். ஒன்று குரலைக் கரகரப்பாக்கும், ஒன்று எதிரொலி கொடுக்கும், ஒன்று பெரிய மண்டபத்தில் வாசிப்பதுபோல் சத்தத்தை விரித்துக் காட்டும். இசைக்கருவிக் கடையின் கண்ணாடி அலமாரியில் இவை மிட்டாய்ப் பெட்டிகளைப் போல வண்ண வண்ணமாக இருக்கும். வண்ணத்தைப் பார்த்து வாங்கியவர்களும் உண்டு, நானும் அதில் ஒருவன்.

அக்கா அப்படி வாங்கக்கூடியவர் இல்லை. தன் கிடாரையே கடைக்கு எடுத்துப் போனார். கணவரைத் தரையில் உட்காரவைத்து, தான் ஆம்பைப் பார்த்தபடி முதுகைத் திருப்பிக்கொண்டார். எந்தப் பெடல் என்று தெரியாமல் கேட்க வேண்டும், தெரிந்தால் பெயரும் நிறமும் காதுக்குள் புகுந்துவிடும் என்பது அவர் கணக்கு. சத்தம் கூடியிருப்பது எப்போதும் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும் என்பதால் எல்லாப் பெடல்களையும் முதலில் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டுவந்தார். கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாராம்.

“இது ஒண்ணு,” என்று கணவர் ஒரு பெடலை அமுக்கினார். “இது ரெண்டு.”

“மறுபடி ஒண்ணு.”

“ஒண்ணு.”

“ரெண்டு.”

“ரெண்டு.”

“என்னங்க, மாத்தவே இல்லையே நீங்க.”

“முட்டி வலிக்குதும்மா. மாத்தின மாதிரி நினைச்சுக்கயேன்.”

மாற்றவே இல்லை என்று அக்கா கண்டுபிடித்துச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலேயே கடைக்காரர் அக்காவை மதிக்கத் தொடங்கிவிட்டார். நாற்காலி வந்தது, தேநீர் வந்தது. கடைசியில் மூன்று பெடல்களும் நல்ல கனமான ஓர் ஆம்பும் வீட்டுக்கு வந்தன. கரகரப்பில் எது மென்மையாக இருந்ததோ அது, எதிரொலியில் எது நீளமாக நின்றதோ அது, மண்டபத்தில் எது பெரிய மண்டபமோ அது. பேக்கரியில் நெளிந்துபோன ஒரு பெரிய தகரத் தட்டைக் கணவர் தட்டி நிமிர்த்தி, பெடல்களை அதில் ஒட்டிக் கொடுத்தார். தட்டில் இன்னும் ரொட்டி வாசனை அடித்தது. வரவேற்பறையில் அக்கா வாசித்தபோது மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, ரேடியோவா என்று கேட்டுவிட்டுப் போனாராம். அதைவிட என்ன வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா பெடல் தட்டோடு வந்தார். தனியாக வாசித்துக் காட்டியபோது எங்களுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பாடுகிறவர், “அக்கா, இதைக் கேட்டா எனக்குப் பாடவே கூச்சமா இருக்கு” என்றார். மாஸ்டர் தலையாட்டினார். எல்லோரும் சேர்ந்து வாசித்தோம். குரல் நின்றது, கிடார் தனியாகப் புறப்பட வேண்டிய இடம் வந்தது. எங்கோ ஒரு குளியலறையில் தண்ணீர் ஓடுவதுபோல ஏதோ கேட்டது.

அக்கா சத்தத்தைக் கூட்டினார். அவர் கூட்டியதால் எனக்கு நான் வாசிப்பது கேட்கவில்லை, நானும் கூட்டினேன். மாஸ்டர் கூட்டினார். நாத்தனார் கூட்டுவதற்குக் குமிழ் இல்லாதவர், ஓங்கி அடித்தார். மூலையில் இருந்த ரப்பர்ப் பந்து ஒன்று தானாக நகரத் தொடங்கியது. பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஜன்னலைச் சாத்தும் ஓசை வந்தது, ஒன்றல்ல, வரிசையாக.

“சத்தம் நிறைய இருக்கு அண்ணி,” என்றார் நாத்தனார். “நீங்கதான் அதுல இல்ல.”

மாஸ்டர் கீபோர்டை அணைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார், அதுதான் கஷ்டமாக இருந்தது. “விட்டுடுங்கம்மா. நான் பாத்துக்கறேன். நீங்க எப்பவும் போல கார்டு போடுங்க, அது நல்லாத்தான் இருக்கு.”

“விழாவுக்கு இன்னும் ரெண்டு ஞாயித்துக்கிழமை இருக்குல்ல மாஸ்டர்?”

“இருக்கு.”

“அதுவரைக்கும் அந்தப் பட்டனைத் தட்டாதீங்க.”

மறுநாள் கண்ணாடிக் கடைக்கு லாரி ஓட்டுநர் ஒருவர் வந்திருக்கிறார். வேறெங்கோ செய்த கண்ணாடியைப் போட்டால் தலைவலி, சாலையில் போர்டு படிப்பதற்குள் கண் களைத்துவிடுகிறது என்று புகார். அக்கா சோதித்துப் பார்த்தார். பவர் தேவைக்கு மேல் கூடியிருந்தது. இது அந்தத் தொழிலில் சாதாரணமாக நடப்பது. மைனஸ் பவரைக் கொஞ்சம் கூட்டினால் எழுத்து சிறிதாகி, கன்னங்கரேலென்று அழகாகத் தெரியும். நாற்காலியில் இருப்பவர் “ஆங், இதுதான்” என்பார். அதைக் கேட்டு எழுதிக்கொடுத்தால் அவர் தெருவில் இறங்கியதும் தலைவலி ஆரம்பமாகும்.

அக்கா வில்லைகளைக் குறைத்து மாட்டி, “இப்ப அந்த வரியைப் படிங்க” என்றார்.

“முன்னாடி இன்னும் கறுப்பா இருந்துச்சுங்க. அதுதான் நல்லா இருந்துச்சு.”

“நல்லா இருக்கான்னு நான் கேக்கலையே. படிக்க முடியுதான்னுதான் கேட்டேன்.”

சொன்ன அக்கா அப்படியே நின்றுவிட்டார். ஓட்டுநர் மூக்கின் மேல் கனத்த சோதனை பிரேமோடு வரியை மேலிருந்து கீழ்வரை படித்தார், பிறகு கீழிருந்து மேலாகவும் படித்தார். பதில் ஏதும் வராததால், “நான் இப்படியே வீட்டுக்குப் போகணுங்களா?” என்று கேட்டார்.

இசைக்கருவிக் கடையில் தரையில் உட்கார்ந்த கணவரை வைத்துக்கொண்டு அவர் பாதி நாள் கேட்டதெல்லாம் எது நல்லா இருக்கு என்பதுதான். பரிசோதனை முறையில் ஒரு பிசகும் இல்லை, கேட்ட கேள்விதான் பிசகு. அவர் தேர்ந்தெடுத்த ஒவ்வொன்றும் தனியாகக் கேட்க இனிமையானது. இனிமையாக இருப்பதற்குக் காரணம், அடியில் கொழுகொழுவென்று கனமும் மேலே பளபளப்பும் இருந்ததுதான். எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போது அடியில் என் பேஸும் நாத்தனாரின் பெரிய டிரம்மும் இருக்கின்றன. மேலே அவருடைய பித்தளைத் தட்டுகள். மிச்சமிருக்கும் நடுவில்தான் கிடாருக்கு உட்கார இடம் உண்டு. அந்த நடுச்சத்தத்தைத்தான் அக்கா அழகுக்காகக் குறைத்து வைத்திருந்தார். போதாததற்கு, பெரிய மண்டபப் பெடல் ஒரு சுரத்தை அடுத்த சுரத்தின் மேல் ஈரத் துணியைப் போலப் போர்த்திக்கொண்டிருந்தது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்ததும் கணவரை அறையின் கோடியில், நடை பழகும் கம்பிகளுக்கு அப்பால், சுவரைப் பார்த்து நிறுத்தினார்.

“படிக்கத் தெரியாதவங்களுக்குக் கடையில ஒரு அட்டை வச்சிருப்போம்ல,” என்றார் எங்களிடம். “மூணு கால் இருக்கிற மாதிரி ஒரு எழுத்து. கால் எந்தப் பக்கம் இருக்குன்னு கையால காட்டினா போதும். இன்னைக்கு அதுதான். நீங்க எல்லாரும் பாட்டை முழுசா, நிறுத்தாம வாசிங்க. நான் நடுவுல குட்டி குட்டியா வாசிப்பேன். சில நேரம் மேல போவேன், சில நேரம் கீழ வருவேன். ஏறுச்சா இறங்குச்சான்னு இவர் கைய காட்டணும்.”

“சங்கீதம் தெரியாத ஆளை நிக்க வச்சா எப்படி?” என்றார் மாஸ்டர்.

“தெரியாத ஆள்தான் வேணும். விழாவுக்கு வரப்போறவங்க எல்லாம் உங்களை மாதிரியா?”

வாசிக்கத் தொடங்கினோம். முதல் தடவை கணவரின் கை மேலே போனது. அக்கா வாசித்தது கீழே. அடுத்து மேலே வாசித்தார், கை அசையவே இல்லை. பிறகு அவர் ஒன்றுமே வாசிக்காதபோது கை மெதுவாக உயர்ந்தது.

“அண்ணா, அது என் தட்டு,” என்று நாத்தனார் அடித்துக்கொண்டே கத்தினார்.

அக்கா ஒவ்வொன்றாகக் கைவைத்தார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றினார். அடிச்சத்தக் குமிழைக் குறைத்தார், கணவர் சிலவற்றைச் சரியாகக் காட்டினார். நடுச்சத்தத்தைக் கூட்டினார், இன்னும் சில சரியாயின. மண்டபப் பெடலை அணைத்தார். கரகரப்பைப் பாதியாக்கினார், அது கூடினால் மெதுவாக மீட்டியதும் ஓங்கி மீட்டியதும் ஒன்றாகிவிடுகிறது. தரையில் இருந்த ஆம்ப் இத்தனை நாளும் அவர் கெண்டைக்காலுக்குப் பாடிக்கொண்டிருந்தது என்பதைப் பார்த்துவிட்டு, அதை ஒரு முக்காலியின் மேல் ஏற்றி, முகத்தைப் பார்க்கச் சற்றுச் சாய்த்து வைத்தார். பாடுகிறவர் இதற்குள் அந்தப் பாட்டை எத்தனை முறை பாடியிருந்தாரோ, கடைசியில் வார்த்தைகளை விட்டுவிட்டுப் பேருந்து நிறுத்தங்களின் பெயர்களைப் பாடினார்.

கை சரியாக ஏறி இறங்கத் தொடங்கியது. கணவருக்கே சந்தோஷம் தாங்கவில்லை, இரண்டு கையாலும் காட்ட ஆரம்பித்தார்.

“நிறுத்துங்க எல்லாரும்,” என்றார் மாஸ்டர். “அம்மா மட்டும் வாசிங்க, கேப்போம்.”

அக்கா தனியாக வாசித்தார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மெலிந்து, மூக்கால் பேசுவதுபோல இருந்தது.

“ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கே,” என்றார் மாஸ்டர்.

“நல்லா இல்லதான்,” என்றார் அக்கா. அவருக்கே முகம் சுருங்கியது. ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்த சத்தம் போய்விட்ட வருத்தம் அது. “ஆனா தனியா யார் கேக்கப் போறாங்க?”

மண்டபப் பெடலைக் கடையில் திருப்பிக் கொடுத்து, அதற்கு ஈடாக ஒரு சாதாரண பெடலை வாங்கி வந்தார். மிதித்தால் சத்தத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. கரகரப்புக்கு முன்னால் அதை வைத்தால் கரகரப்புதான் கூடுகிறது, பின்னால் வைத்தால்தான் சத்தம் கூடுகிறது என்பதையும் கணவரைச் சுவர் பார்த்து நிற்கவைத்தே கண்டுபிடித்தார். “வீட்டுல இருக்கற சுவரெல்லாம் எனக்கு மனப்பாடம்” என்று அவர் எங்களிடம் புலம்பினார். முகத்தில் ஒரு பெருமையும் இருந்தது.

விழா நடந்த கூடம் நீளமானது, கூரை உயரம். மாலையில் சத்தம் சரிபார்க்கும்போது மைக் அமைப்பவர் அக்காவைத் தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “மேடம், சத்தம் தகரமா இருக்கு. கொஞ்சம் பேஸ் ஏத்தறேன்” என்று குமிழ் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

“தம்பி, தொடாதீங்க,” என்றார் அக்கா. “எல்லாரும் வாசிக்கறப்போ கேளுங்க. அப்பவும் தகரமா இருந்தா ஏத்துங்க.”

எல்லோரும் வாசித்தபோது அவர் கேட்டார். கையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

கூட்டம் நிறைந்திருந்தது. பகல் ஷிப்ட் முடித்து வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள், வேலைக்குப் போக வேண்டியவர்கள் வாசல் பக்கம் நின்றிருந்தார்கள். புதுப் பாட்டு வந்தது. மாஸ்டரைப் பார்த்தேன். வலது கை விரல் கீபோர்டின் அந்தப் பட்டனுக்கு மேல் தயாராக நின்றது. அவரைக் குறை சொல்ல முடியாது, பாட்டு அவருடையது, நடுவில் ஓட்டை விழுந்தால் அவர் பெயர்தான் கெடும். அக்காவும் அந்த விரலைப் பார்த்துவிட்டார்.

குரல் நின்றது. அக்கா பெடலை மிதித்தார்.

கிடார் புறப்பட்டது. நாத்தனார் தட்டுகளை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார், நான் என் வேலையைச் செய்துகொண்டிருந்தேன், எல்லாவற்றுக்கும் நடுவே அது ஒரு மனிதர் பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது. ஜலதோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை. கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த முன்வரிசைப் பெண் தலையைத் தூக்கினார். அது ஏறியது, இறங்கியது. இரண்டாம் தடவை ஏறும்போது அக்காவின் விரல் ஒரு கட்டம் தாண்டி வழுக்கி, வேறொரு சுரத்தில் போய் விழுந்து, பதறாமல் திரும்பி வந்து குரலிடம் பாட்டை ஒப்படைத்தது. நான் மாஸ்டரைப் பார்த்தபோது அவர் இடது கையால் கார்டு போட்டுக்கொண்டு வலது கையால் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தார்.

நிகழ்ச்சி முடிந்து திரை இறங்கியது. நாத்தனார் டிரம்முக்குப் பின்னாலிருந்து எழுந்திருக்கும் முன்பே ஆரம்பித்தார். “அண்ணி, ஒரு இடத்துல தப்பா வாசிச்சீங்க.”

அக்கா கிடாரைக் கழற்றாமல் திரும்பினார். “எந்த இடம்?”

“ரெண்டாவது தடவை ஏறும்போது.”

“உனக்குக் கேட்டுச்சா? நீ தட்டை அடிச்சிக்கிட்டு இருந்தப்பவா?”

“எனக்கா? வாசல்ல நின்னவங்களுக்கே கேட்டிருக்கும்.”

அக்கா என்னைப் பார்த்தார். “உங்களுக்கு?”

“நல்லாவே கேட்டுச்சுக்கா.”

பாடுகிறவரும் தலையாட்டினார். கூடத்தின் பின்கோடியிலிருந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த கணவர், மேடை ஏறியதும் ஏறாததுமாக, “நடுவுல எங்கயோ இடறிட்ட இல்ல?” என்றார். அவ்வளவுதான், அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாராட்டு கேட்டவர் மாதிரி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துச் சிரித்தார்.

மாஸ்டர் கீபோர்டின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே பேசினார். “ஞாயித்துக்கிழமை அந்த இடத்தை நாலு தடவை பாத்துடலாம். நான் மெதுவா கார்டு போடறேன்.”

“வாசிக்கறது யாரு மாஸ்டர்?”

“நீங்கதாம்மா. தப்பு உங்களோடது, நான் எதுக்குத் திருத்தணும்?”